ரின் சூப்பும் அப்பாவும்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வீட்டில் நான் லப்டொப்பை மூட இரவு 8 மணியாகிவிடும். பிறகு கைகொடுப்பது கெபெக்காரரின் மஞ்சள் பட்டாணி சூப் ரின்தான். கிட்டத்தட்ட எங்கள் பருப்புக்கறி.

அப்பாவுக்குப் பிரஷர் என்று தெரிந்த பிறகுதான் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்: சோடியம் 15 வீதமோ கூடவோ என்றால் அதிகம், 5 வீதமோ குறையவோ என்றால் கொஞ்சம். தண்ணீர் விட்டால் ருசிதான் குறையும். முழுவதையும் குடித்தால் உப்பு அதேயளவுதான்.

அதனால் இப்போது அரை ரின்தான். உப்பில்லாமல் அவித்த மைசூர்ப் பருப்பு, இரண்டு பிடி கீரை சேர்த்து, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, தேசிக்காய் பிழிவேன். 20 நிமிடம்.

அப்பா ஒரு வாய் குடித்தார். "உப்புக் காணாது பிள்ளை."

உப்புப் போத்தலை முதலே ஒளித்துவிட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, கோப்பையை நீட்டினார்.