மழை பெய்ய

விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகையில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். மழைச் சத்தம் என்றால் எனக்கு லத்தீன் வகுப்புதான். குருமடத்தில் அந்த அறைக்கு ஓட்டுக் கூரை. மழை வலுத்தால், பாடம் எடுத்த சாமியின் குரல் கேட்காது. கரும்பலகையில் எழுதிப் போடுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம்.

ஒரு வினையை எடுத்தால் நான்கு எச்சம். வாசிப்பதற்கு லேஜென்ஸ், லேக்துஸ், லேக்தூருஸ், லேஜெந்துஸ். வாசிக்கிற, வாசிக்கப்பட்ட, வாசிக்கப்போகிற, வாசிக்கப்படவேண்டிய. இந்த நான்காவது அர்த்தம் எனக்குச் சாப்பாட்டறையில்தான் புரிந்தது. நாங்கள் பேசாமல் சாப்பிட, ஒருவன் உயரமான மேசை முன் நின்று புனிதர் சரித்திரம் வாசிப்பான். அப்படி வாசிக்கப்படவேண்டியவைதான் லெஜெந்தா. 'லெஜண்ட்' அதிலிருந்து வந்த சொல். செய்யப்படவேண்டியவை அஜெந்தா. இன்றும் கூட்ட அறிவிப்பில் 'அஜெண்டா' என்று பார்த்தால் ரசம் சாத வாசனை வருகிறது.

நம் பெயரெச்சம் தாராளமானது. வாசித்த பையன், வாசித்த புத்தகம், வாசித்த இடம், வாசித்த நாள், எல்லாவற்றுக்கும் ஒரே 'வாசித்த'. லத்தீன் எச்சம் பால், எண், வேற்றுமை மூன்றிலும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வால் மாறும். அத்தனை வால் இருந்தும் 'வாசித்த பையன்' என்பதற்கு அதில் எச்சம் இல்லை. இறந்தகாலத்தில் செயப்பாட்டு எச்சம் மட்டும்தான். பேசு என்பது போன்ற சில வினைகள் விலக்கு: லொகூத்துஸ் என்றால் பேசிய.

இந்தக் குறையை லத்தீன் சமாளிக்கும் விதத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஊர்பே காப்தா. ஊர்ப்ஸ் என்றால் நகரம். நம் ஊர்தான் போல என்று முதல் நாள் சிரித்தோம். ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான். நகரம், பிடிக்கப்பட்ட, இரண்டையும் அப்லாட்டிவ் வேற்றுமையில் வைத்து வாக்கியத்தின் ஓரத்தில் தனியாக நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. சாமிக்கு முன், முந்தைய வருடம் பாடம் எடுத்தவர் ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பெண் தருவார். நானும் அதற்கான நீளமான ஆங்கிலத் தொடரை ஒவ்வொரு முறையும் கிளிப்பிள்ளையாக எழுதினேன். பொருள் மனதில் தங்கவே இல்லை.

சாமி என் நோட்டைப் பார்த்தார். "ஆங்கிலத்தை விடு தம்பி. சோலே ஓரியெந்தே. சூரியன், எழுகிற. தமிழ்ல சொல்லு."

விழித்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினார்: மழை பெய்ய நெல் விளைந்தது. பெய்தது ஒன்று, விளைந்தது வேறொன்று. 'பெய்து' என்றால் அதே எழுவாய் முடிக்க வேண்டும். 'பெய்ய' என்றால் வேறு எழுவாய் வந்து முடிக்கலாம். செயவென் எச்சம். தமிழ் வகுப்பில் படித்ததுதான். சோலே ஓரியெந்தே, ஞாயிறு எழ. அவ்வளவு சின்னச் சொல்! அத்தனை மாதம் பூட்டிக் கிடந்த கதவு. 'பிடித்து' என்ற நம் சொல்லின் அருமையும் அன்றுதான் தெரிந்தது. 'நகரைப் பிடித்துப் படை திரும்பியது' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு லத்தீன் செயப்பாட்டில் சுற்றி வரவேண்டியிருக்கிறது.

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். 1738-ல் அது தரங்கம்பாடியில் அச்சானது, அதுவும் லுத்தரன் அச்சகத்தில். லத்தீன் வழியாகத் தமிழ் படிக்க முடியும் என்றால் தமிழ் வழியாக லத்தீன் ஏன் படிக்கக் கூடாது? எங்கள் கையில் ஏன் ஒருவரும் அப்படி ஒரு புத்தகம் தரவில்லை என்று இன்றுவரை எனக்கு ஆற்றாமை.

ஊர்பே காப்தா அமைப்பில் இன்னொரு விசித்திரம் உண்டு. லத்தீனில் 'இரு' என்பதற்கு நிகழ்கால எச்சம் வழக்கில் இல்லை. வருங்காலத்துக்கு மட்டும் உண்டு: ஃபுதூருஸ், இருக்கப்போகிற. 'ஃபியூச்சர்' அதிலிருந்துதான். நிகழ்கால எச்சம் இல்லாததால் 'இருக்க' என்று சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு பெயரை மட்டும் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். மே புவேரோ, நான் சிறுவன். நான் சிறுவனாயிருக்க என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குருமடத்தை விட்டு வந்த அன்றும் தூறல்தான். சாமிக்கு ஓர் அட்டையில் இரண்டு சொல் எழுதிக் கொடுத்தேன். தே மஜிஸ்த்ரோ. நீங்கள் ஆசிரியராயிருக்க. கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"எச்சம் சரி. முற்று எங்கய்யா?"

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. இன்றும் பதில் சொல்ல வரவில்லை. கொட்டகையில் சத்தம் குறையவே இல்லை.