நம் வீட்டை நாமே விற்றது

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டையும் நாள்தோறும் கொள்கின்றோம். உறையுளை விற்கும் நிலையோ ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை, மிகின் இருமுறை நேர்வது. ஆதலின் அதில் எவர்க்கும் பழக்கம் உண்டாவதில்லை. அப்பழக்கமின்மையே தரகர்க்குப் பிழைப்பு. நாம் தரகரை விடுத்து, இணையத்தின் வாயிலாக நம் வீட்டை விற்ற செய்தி, இனி அத்துறையிற் புகக்கூடிய மாணவ அன்பர்க்கும், முன்னரே புகுந்து இளைத்த பழைய மாணவர்க்கும் பயன்படலாமெனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

வீடு இருந்தது புதுச்சேரி நகர்க்கு வடபாலுள்ள கருவடிக்குப்பத்தில். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் சென்று தங்கிய குயில் தோப்பு இவ்வூரினதே. நகரத்தாரிற் பலர்க்கோ தோப்பினும் சுடுகாடே முதலில் நினைவுக்கு வரும். நம் தந்தையார் 1971 ஆம் ஆண்டில் அங்கு மனை வாங்கி, மூன்று தவணையாக வீடு கட்டினார். அன்னையார் 2023 இல் மறைந்தபின் அதிற் குடியிருப்பார் இலர். நாம் சென்னையிலும், தம்பி ஓசூரிலும், தங்கை விழுப்புரத்திலுமாகப் பிரிந்திருந்தோம். தங்கை மகளின் மேற்படிப்புக்கு அடுத்த ஆனி மாதத்திற்குள் பெருந்தொகை வேண்டியிருந்தது. விற்பதென மூவரும் துணிந்தோம்.

தரகரை விட்டதற்குக் கூலி ஒரு காரணம். விலையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இரு தரப்பாரிடமும் பெறுதல் அவர்தம் வழக்கம். மற்றொரு காரணம் சொல்லச் சிறிது கூச்சமாயுள்ளது. முதலில் வந்து பார்த்த தரகர் வாயிற்படி கடவாமலே, "கட்டடத்துக்கு மதிப்பில்லை, இடிக்கத்தான் ஆகும். மனைக்கு மட்டும் விலை பேசலாம்" என்றார். அவர் சொல்லியது பொய்யன்று. ஆயினும் தம்பி அன்றிரவு உணவு கொள்ளவில்லை. தரகுத் தொழிலை இகழ்தல் நம் கருத்தன்று. நாட்குறிப்பால் அழியாப் புகழ் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுக் கும்பினிக்குத் துபாஷியும் தரகருமாய் விளங்கியவர். அத்தொழிலைப் பழிக்கப் புதுச்சேரிக்காரர்க்கு உரிமை குறைவு.

நிற்க. இணையத்தில் 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் முதலாய தளங்கள் பல உள. 2014 இல் தோன்றிய நோபுரோக்கர் தரகரின்மையையே தன் பெயராகக் கொண்டது. நாம் இரு தளங்களில் அறிவிப்பு இட்டோம். அவற்றின் படிவம் சதுர அடி கேட்டது. நம் ஆவணமோ பிரெஞ்சியர் வைத்துச் சென்ற முறையில் ஆர், சென்டியார் என்று அளவு கூறியது. ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர். சென்டியார் ஒரு சதுர மீட்டர். 1 ஆர் 34 சென்டியாரை ஏறத்தாழ 1,442 சதுர அடியெனக் கணக்கிட்டு எழுதினோம். சென்னையினின்று அழைத்த ஒருவர், "எத்தனை கிரவுண்டு?" என்றார். 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டில் அஃது அரையே அரைக்காலுக்குச் சற்றுக் குறைவு. அவர் பின்னர் அழைக்கவில்லை.

படமெடுக்குமுன் பொருள்களை அகற்றிவிட வேண்டுமென்பர். கூடத்து ஊஞ்சலைக் கழற்ற ஒருவர்க்கும் கை எழவில்லை. அதன் பயனாக, ஊஞ்சலும் விலையிற் சேருமா எனப் பின்னர் மூவர் வினவினர்.

இனி, நம்மை உண்மையில் வருத்திய செய்திக்கு வருவோம். 2024 நவம்பர் 30 ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. தெருவில் நின்ற நீர் நம் கூடத்துள் ஒரு சாண் ஏறிற்று. நாம் அறிவிப்பு எழுதியது அதற்கு இரண்டு வாரங்கழித்து. சுவரிற் கறை உலரவில்லை. படிவத்தில் வாயில் எத்திசை நோக்கியது என்பதற்கு இடமிருந்தது. வெள்ளம் புகுந்ததா என்பதற்கு இடமில்லை. சொத்து மாற்றுச் சட்டம் (1882) தன் 55 ஆம் பிரிவில், வாங்குவோன் எளிதிற் காணவியலாத பெருங்குறையை விற்போன் அறிந்திருப்பின் வெளிப்படுத்த வேண்டுமென்கின்றது. வெள்ளை அடித்துவிட்டால் எவரும் காணார் என்பதும் நமக்குத் தெரியும்.

"அண்ணா, தரகர் இருந்தால் இதைச் சொல்வாரா?" என்றான் தம்பி. தங்கை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "விலை இறங்கினால் என் பங்கும் இறங்கும், அண்ணா. உங்களுக்குத் தெரியாததில்லை" என்று மட்டும் சொன்னாள். அதற்கு நம்மிடம் விடையில்லை. ஆயினும், "2024 புயலில் கூடத்தில் ஒரு சாண் நீர் புகுந்தது" என்னும் வரியைச் சேர்த்தே அறிவிப்பை வெளியிட்டோம். அறநெறி ஒன்றே நம்மைத் தூண்டிற்று என்று கூறின் அது மிகை. தரகர் விற்றபின் போய்விடுவார். அடுத்த மழையில் வாங்கியவர் அழைக்கப்போவது நம்மையே என்னும் அச்சமும் இருந்தது.

முதல் வாரத்தில் அழைத்தவர் பதினொருவர். அவருள் எண்மர் தரகர்! தரகர் வேண்டா என்று எழுதியதை அவர்கள் ஓர் அழைப்பாகவே கொண்டனர் போலும். ஒருவர் தாம் படைவீரரென்றும், வீட்டைக் காணாமலே முன்பணம் அனுப்புவதாகவும் கூறி, ஒரு கட்டக் குறியீட்டை அனுப்பி அதனைக் கைப்பேசியாற் படிக்கச் சொன்னார். பணம் பெறுதற்குக் குறியீட்டைப் படிக்கவோ இரகசிய எண்ணை இடவோ வேண்டுவதில்லை. அவை கொடுப்பதற்கே உரியன. இதனை மாணவ அன்பர் தம் பெற்றோர்க்கு ஒருமுறை எடுத்துரைப்பாராக.

மார்கழித் தூறலில் ஓர் ஆசிரியையும் அவர் கணவரும் குடையுடன் வந்தனர். அந்த ஒரு வரியைப் படித்தே மழைநாளிற் காண வந்ததாகக் கூறினர். ஆசிரியை கறையின்மேல் விரலை வைத்து உயரம் பார்த்தார். வடிகால் எப்பக்கம், நீர் வடிய எத்தனை நாளாயிற்று என்று வினவினார், யாவும் கூறினோம். 82 இலட்சம் கேட்டிருந்தோம், எழுபத்தேழரைக்கு முடிந்தது. நீரைக் கூறியதால் இழந்தது நாலரை இலட்சம். தரகில் மிஞ்சியது ஒன்றரை இலட்சம். இக்கணக்கைத் தங்கை நம்மிடம் இருமுறை சொன்னாள். அவள் பங்கிற் குறைந்த ஒன்றரை இலட்சத்தை நம் பங்கினின்று கொடுத்தோம். சில நாள் மறுத்துப் பின் வாங்கிக்கொண்டாள்.

தரகர் செய்யும் உழைப்பின் அருமை அதன்பின்னரே விளங்கிற்று. வாரிசுச் சான்றிதழ், முப்பதாண்டு வில்லங்கச் சான்றிதழ், வரி செலுத்திய சீட்டுகள் என அலுவலகந்தோறும் நடந்தோம். தாய்ப் பத்திரமோ பிரெஞ்சு மொழியில், நொத்தேர் என்னும் ஆவண அதிகாரி முன் எழுதப்பட்டது. ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் பொறுமையுடன் மொழிபெயர்த்தார். கிணற்றில் அண்டை மனையாரும் நீர் இறைக்கலாம் என்று அதில் ஒரு தொடர் இருந்தமை அன்றுதான் நமக்குத் தெரிந்தது! இடையே மதிலெழுந்து ஐம்பதாண்டு ஆயிற்று. எனினும் வாங்குவோரின் வழக்கறிஞர் விடவில்லை. அண்டை வீட்டு மூதாட்டியாரிடம் சென்று நிலைமையைக் கூறினோம். அவர் நகைத்து, "அந்தத் தண்ணீர் உப்பாகி எத்தனை வருஷமாச்சு தம்பி!" என்று சொல்லி, உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார்.

முன்பணம் வங்கி வழியே வந்தது. வீடு மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுதல் 2015 முதல் தடுக்கப்பட்டுள்ளது. விலை 50 இலட்சத்திற்குக் குறையாமையால், நூற்றுக்கு ஒன்றை வாங்குவோரே பிடித்து வருமானவரித் துறைக்குச் செலுத்தினர். 2025 சித்திரையில் மூவரும் சார்பதிவாளர் முன் கைரேகை வைத்தோம். ஊஞ்சல் விழுப்புரம் சென்றது.

அவ்வாண்டு ஐப்பசியில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு ஆசிரியை அழைத்தார். தெருவில் நீர் ஏறுகின்றதென்றும், எந்தக் கதவில் முதலில் மணல்மூட்டை வைக்க வேண்டுமென்றும் கேட்டார். பின்கட்டுக் கதவு என்றோம். மூட்டைகள் மாடிப்படியின் கீழ் அடுக்கியுள்ளன என்றும் கூறினோம்.