திசைகாட்டிக்கும் ஒரு பாடம்

நேற்று பழவேற்காட்டு ஏரியில் நடந்ததை எழுதுகிறேன். கடலுக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படும்.

என் பழைய மாணவன் ஒருவன் துபாயில் படகு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினான். வரும்போது ஓர் ஆட்டோபைலட் வாங்கி வந்து தன் பைபர் படகில் மாட்டியிருக்கிறான். மூன்று நாள் முன்பு வீட்டுக்கு வந்தான்.

"சார், நேராப் போகாம கோணலாப் போகுது. அன்னிக்கு இருட்டுல அப்பா கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக் கத்தலேன்னா, முகத்துவாரத்து மணல் திட்டுல ஏறியிருப்போம்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலை உடையும் இடத்தில் படகு குறுக்கே திரும்பினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போய்ப் பார்த்தேன். அந்தக் கருவிக்குள் ஒரு மின்னணுத் திசைகாட்டி. அது சொல்லும் திசைப்படி ஒரு தண்டு மோட்டார் கைப்பிடியைத் தள்ளும், இழுக்கும். அதற்குப் பக்கத்திலேயே பாட்டு கேட்க ஒரு ஸ்பீக்கர், கீழே இரும்பு நங்கூரம்!

"காந்த ஊசிக்குப் பக்கத்துல காந்தம் வெச்சா என்னடா ஆகும்?"

"ஊசி திரும்பும் சார்" என்று தலையைச் சொறிந்தான்.

கணக்கையும் போட்டுக் காட்டினேன். திசை 10 டிகிரி தவறினால், 10 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்போம்.

ஸ்பீக்கரை எடுத்தோம். நங்கூரத்தை முன்பக்கம் கொண்டுபோனோம். கருவிக்குப் போகும் இரண்டு பேட்டரி வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டோம். அப்படிச் செய்தால் அவற்றின் காந்த விளைவு பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

நேற்று விடியற்காலை, காற்றில்லாத ஏரியில், மெதுவாக இரண்டு வட்டம் அடித்தோம். வட்டம் எதற்கு? படகில் மிச்சமிருக்கும் இரும்பு படகோடு சேர்ந்தே திரும்பும். ஒவ்வொரு திசையிலும் அது திசைகாட்டியை ஒவ்வொரு அளவு இழுக்கும். கருவி அதைக் குறித்துக்கொண்டு பிறகு கழித்துக்கொள்ளும். என் பழைய திசைகாட்டியை முன்பக்கம் தள்ளி வைத்து ஒப்பிட்டோம். 3 டிகிரி வித்தியாசம் இருந்தது, அதையும் சரிசெய்தோம். படகு நூல் பிடித்தமாதிரி போயிற்று.

அவன் அப்பா எல்லாவற்றையும் பேசாமல் பார்த்திருந்தார். கரைக்கு வந்ததும் சொன்னார்: "நல்லாத்தான் போகுது வாத்தியாரே. ஆனா முகத்துவாரம் வந்தா பையன் கையிலதான் புடிக்கணும்."

பெரியவர் சொன்னது சரி. எதிரே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலை 1 அன்று நம் நாட்டின் முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோள் மேலே போனது. செயற்கைக்கோள் நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும். ஆனால் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. போன வருடம் குறித்துவைத்த வழி இந்த வருடம் திட்டாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டோபைலட்டுக்குக் கண் கிடையாது. எதிரே வலை கிடந்தாலும், வேறு படகு வந்தாலும் அதற்குத் தெரியாது. தனியாகப் போனவன் தவறி விழுந்தால் படகு நிற்காது, அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் பிள்ளைகளே, கருவி மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள்.