முனீஸ்வரனுக்கு வாங்கி வச்ச சுருட்டு

விவசாயி வீட்டுல ரெண்டு விதமான சேமிப்பு உண்டு. ஒண்ணு, காய வச்சு சேமிக்கிறது. நெல்லு, உளுந்து, வேர்க்கடலை, மிளகாய் எல்லாம் இந்தக் கணக்குல வரும். இன்னொண்ணு, காயாம பாத்துக்கறது. வெத்தலை அந்தக் கணக்கு. சுருட்டும் அந்தக் கணக்குதான். முதல் வகையைப் பத்தி நிறைய பேசியாச்சு. இன்னிக்கு சுருட்டு.

முன்னாடியே சொல்லிடறேன். நான் புகை பிடிக்கிறவன் இல்ல. புகையிலை நுரையீரலை என்ன பண்ணும்னு எங்க பெரியப்பா படுற பாட்டைப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுல சுருட்டு இருக்கறது மனுஷனுக்கு இல்ல, முனீஸ்வரனுக்கு.

எங்க நெலத்து ஓரத்துல வேப்பமரத்தடியில முனீஸ்வரன் இருக்கார். மூணு செங்கல்லு, ஒரு வேல், அவ்வளவுதான் கோயில். வருஷா வருஷம் ஆடி மாசம் படையல். கெடா வெட்டு, பொங்கல், சாராயம், கூடவே பதினோரு சுருட்டு. அதுல ஒண்ணைப் பத்த வச்சு வேலுக்குப் பக்கத்துல செருகுவாங்க. அது நடுவுல அணையாம கடைசி வரைக்கும் எரிஞ்சு, சாம்பல் உதிராம நின்னா சாமி ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம். அணைஞ்சா, ஏதோ குறைன்னு அர்த்தம். உங்களுக்கு இது விளையாட்டா தெரியலாம். ஆனா 2018 ஆடியில கடையில வாங்கின சுருட்டு மூணு தடவை அணைஞ்சப்ப, சுத்தி நின்ன எங்க பங்காளிங்க முகத்தை நீங்க பாத்திருக்கணும். அந்த வருஷம் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மாடு கன்னு போட சிரமப்பட்டாலும் பேச்சு அந்தச் சுருட்டுக்கே போய் நின்னுச்சு.

சுருட்டு அணையறதுக்குக் காரணம் ஈரம்தான்னு பெரியப்பாவுக்குத் தெரியும். அம்பது வருஷம் பிடிச்சவர். "ஈர வெறகு எரியுமாடா? அதே கதைதான். சாமி மேல ஏன் பழி போடறீங்க?"ன்னு சத்தம் போட்டார். அடுத்த வருஷத்துலேருந்து உறையூர் சுருட்டுதான் படைக்கணும், அதைத் தானேதான் வச்சுப் பாத்துப்பேன்னு சொல்லிட்டார். அதே 2019-லதான் டாக்டர் அவரைச் சுருட்டை விடச் சொன்னதும். விட்டுட்டார். ஆனா பெட்டியை விடல.

உறையூர் சுருட்டுன்னா சும்மா இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல 'டிரிச்சினாப்பலி சுருட்டு'ன்னு லண்டன் வரைக்கும் போனது. 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலை நடந்த வீட்டுத் தரையில கிடக்கற சாம்பலைப் பாத்து இது டிரிச்சினாப்பலி சுருட்டுன்னு ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். சர்ச்சிலுக்கும் இது பிடிக்கும்னு திருச்சிப் பக்கம் இன்னிக்கும் பெருமையா சொல்வாங்க. இங்கிலீஷ்ல 'செரூட்'ங்கற சொல்லே நம்ம சுருட்டுலேருந்து போனதுதான். ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லுல பெரிய சுருட்டுத் தொழிற்சாலையே வச்சிருந்தது. இப்ப உறையூர்ல சுருட்டு சுத்தறவங்க கைவிட்டு எண்ணற அளவுக்கு வந்துட்டாங்க. 2022-ல நாங்க வழக்கமா வாங்கற பெரியவர், "பசங்க யாரும் இந்த வேலைக்கு வரல. கண்ணும் சரியா தெரியல. அடுத்த தடவை வந்தா நான் இருக்கறது நிச்சயமில்ல. வேணுங்கறத இப்பவே எடுத்துக்கங்க"ன்னு சொல்லிட்டார். அறுபது சுருட்டு வாங்கிட்டு வந்தோம். வருஷத்துக்குப் பதினொண்ணுன்னா அஞ்சு வருஷத்துக்கு வரும். ஒரு மாசம் வச்சிருந்து பழக்கம் உண்டு. அஞ்சு வருஷம் வைக்கிறது எப்படின்னு அன்னிக்குத்தான் யோசிக்க ஆரம்பிச்சோம்.

எங்க ஊருக்கு இந்த மாதிரி யோசனை புதுசு இல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்ற கரையில வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கு. அங்க வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு. கோயிலைச் சேர்ந்த ஆதுலர் சாலையில, அதாவது ஆஸ்பத்திரியில, பதினஞ்சு கட்டில், வைத்தியர், அறுவை வைத்தியம் பண்றவர், மூலிகை கொண்டு வர ஆளுங்கன்னு கணக்கா வெட்டி வச்சிருக்காங்க. இருப்புல இருக்க வேண்டிய மருந்துங்க பேரும் அதுலயே இருக்கு. தைலம் உண்டு, நெய்யில காய்ச்சினது உண்டு. பதினோராம் நூற்றாண்டுல இந்த வெயில்லயும் இந்த ஆத்துக்காத்துலயும் அதையெல்லாம் கெடாம வச்சிருக்க ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணுமே! ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்குவம் இருந்திருக்கும். சுருட்டுக்கும் இருக்கு.

புகையிலை செத்த இலைதான். ஆனா மூச்சு விடறதை நிறுத்தாது. காத்துல ஈரம் இருந்தா குடிக்கும், காத்து காஞ்சா கக்கும். வெளிநாட்டுல சுருட்டு வைக்கிறவங்க எழுபது எழுபதுன்னு ஒரு கணக்கு சொல்வாங்க. ஈரப்பதம் 70 சதவீதம், வெப்பம் 70 டிகிரி பாரன்ஹீட், நம்ம கணக்குல 21 டிகிரி. ஈரம் குறைஞ்சா மேல் இலை வெடிக்கும், சூடா எரியும். கூடிச்சுன்னா அணையும், பூஞ்சணம் பிடிக்கும். எழுபதுல இருந்து அஞ்சு கம்மியானா ஒண்ணும் ஆகாது. ஆனா இன்னிக்கு அம்பது, நாளைக்கு எம்பதுன்னு ஏறி இறங்கினா போச்சு. மேல் இலை சட்டுனு உப்பும், உள்ள இருக்கறது மெதுவாத்தான் உப்பும். அந்த இழுபறியிலதான் சுருட்டு கிழியுது.

விதைக்கு இது நேர் எதிர். விதை சேமிக்க ஹாரிங்டன் கணக்குன்னு ஒண்ணு உண்டு. பாரன்ஹீட் டிகிரியையும் ஈரப்பதத்தையும் கூட்டினா நூறைத் தாண்டக் கூடாது. சுருட்டுக்கு அதே கூட்டல் நூத்தி நாப்பது. அதனாலதான் ஒரே அறையில இருந்தாலும் விதைக்கோட்டையும் சுருட்டுப் பெட்டியும் ஒரே மூலையில இருக்கக் கூடாதுன்னு பெரியப்பா சொல்வார். விதைக்கு வைக்கிற நொச்சியும் வசம்பும் சுருட்டுக்குப் பக்கத்துலயே வரக் கூடாது. பட்டுப் புடவை இருக்கற பீரோவும் கூடாது. அந்துருண்டை வாசனையை சுருட்டு ஒரே வாரத்துல ஏத்துக்கும், அப்புறம் அது போகாது.

எங்க வீட்டுல பழைய மண்சுவர் அறை ஒண்ணு மிச்சம் இருக்கு. ஓட்டுக் கூரை, ஜன்னல் இல்ல. வெளிய நாப்பது டிகிரி அடிச்சாலும் உள்ள முப்பத்தி மூணு தாண்டாது. அங்க ஒரு தேக்குப் பெட்டி. உள்பக்கம் வார்னிஷ் கிடையாது, வார்னிஷ் அடிச்சா மரம் ஈரத்தைக் குடிக்காது. வெளிநாட்டுச் சுருட்டுப் பெட்டியை 'ஸ்பானிஷ் சீடர்'னு ஒரு மரத்துல செய்வாங்க. பேருதான் சீடர், உண்மையில அது நம்ம வேம்புக் குடும்பத்து மரம். நமக்குத் தேக்கு போதும். அடியில வாழைச் சருகு, அது மேல சுருட்டு. மூலையில ஒரு ஓட்டாஞ்சில்லு. உடைஞ்ச பானை ஓடுதான், அதை அரைமணி நேரம் தண்ணியில ஊறப் போட்டு, மேல் ஈரத்தைத் துடைச்சிட்டு, சுருட்டு மேல படாம வைக்கணும். கோடையில பத்து நாளைக்கு ஒரு தடவை ஊறப் போடணும். ஐப்பசி மழையில அதே சில்லை அடுப்பு மேல காய வச்சு உள்ள போடணும். அப்ப அது ஈரத்தை இழுத்துக்கும். ஒரே ஓடு, ரெண்டு வேலை.

சரியா இருக்கான்னு பாக்க பெரியப்பாவுக்குப் பெருவிரல்தான் மீட்டர். சுருட்டை லேசா அமுக்கினா அமுங்கி, விட்டதும் எழும்பணும். மொறுமொறுன்னு சத்தம் வந்தா காஞ்சு போச்சு. அமுங்கினது அப்படியே இருந்தா ஈரம் ஜாஸ்தி.

சென்னையில இருக்கற அக்கா பையன் ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்கிட்டு வந்தான். "மாமா, இத நம்பலாமா?"ன்னு அவனே கேட்டான். நம்பறதுக்கு ஒரு வழி இருக்கு, நம்ம கல்லுப்புதான் வாத்தியார். ஒரு பாட்டில் மூடியில உப்பு போட்டு, சொட்டு சொட்டா தண்ணி விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வரணும். உப்பு கரையக் கூடாது. அதையும் மீட்டரையும் காத்துப் போகாத கவருல வச்சு ஒரு ராத்திரி விட்டா, காலையில 75 காட்டணும். ஈர உப்பு தன்னைச் சுத்தி இருக்கற காத்தை அந்த அளவுலதான் நிறுத்தும். எங்க மீட்டர் 79 காட்டுச்சு. நாலைக் கழிச்சுக்கிட்டோம். பெட்டியில வச்சப்ப கழிச்சது போக 71. பெரியப்பா ஒண்ணும் சொல்லல, பெருவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

ஆனா அந்த மீட்டருலயே வெப்பமும் தெரிஞ்சுது. முப்பத்தி ரெண்டு. பெருவிரலுக்குத் தெரியாத சங்கதி அதுதான். 2023 அக்னி நட்சத்திரத்துல பெட்டியைத் தொறந்தா, மூணு சுருட்டுல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை. புகையிலை வண்டு. முட்டை இலையோடவே வந்திருக்கும். இருபத்தஞ்சு டிகிரிக்குக் கீழ வச்சா அடங்கி இருக்கும், முப்பதுல பொரிச்சுக் குடும்பம் பெருக்கும். உங்க சமையலறையில பழைய மல்லி, மஞ்சள், மிளகாய் டப்பாவுல சின்னதா செம்பழுப்பு வண்டு பாத்திருப்பீங்களே, பெரும்பாலும் அதே ஆளுதான். அதனால மளிகை அலமாரியில சுருட்டை வைக்காதீங்க.

மூணையும் அடுப்புல போட்டோம். மீதி நாப்பத்தாறுலயும் முட்டை இருக்குமான்னு கண்ணால கண்டுபிடிக்க முடியாது. ஒரே வழி குளிர். காத்துப் போகாத கவருல கட்டி, ஒரு நாள் ஃபிரிட்ஜ்ல கீழ் தட்டு, அப்புறம் ஃபிரீசர்ல மைனஸ் 18-ல மூணு நாள், திரும்ப ஒரு நாள் கீழ் தட்டு, அப்புறம்தான் வெளிய. சட்டுனு மாத்தினா மேல் இலை வெடிச்சிடும். கவரைக் குளிர் விட்டப்புறம்தான் பிரிக்கணும், இல்லன்னா வேர்த்து ஈரமாகிடும்.

இதுக்குப் பெரியம்மா ஒத்துக்கல. "மீன் வச்ச ஃபிரீசர்ல சாமிக்குப் படைக்கிறத வெப்பியா? அறிவு இருக்காடா உனக்கு?" நியாயமான கேள்விதான். மீனை எடுத்துட்டு மஞ்சத் தண்ணி தெளிச்சுக் கழுவினோம். அப்பவும் முகம் தெளியல. பெரியப்பாதான் முடிச்சு வச்சார். "அவரு என்ன பெருமாளா? கெடா கேக்கற சாமிடீ. மீனு வாசம் அவருக்கு ஆகாதா?" பெரியம்மா சிரிச்சிட்டாங்க. அஞ்சு நாள் எங்க வீட்டுல ஐஸ் தண்ணி கிடையாது.

அதுக்கப்புறம் ஓட்டை விழல. 2023, 2024, 2025 மூணு ஆடியிலயும் வேலுக்குப் பக்கத்துல செருகினது கடைசி வரைக்கும் எரிஞ்சுது. வெள்ளைச் சாம்பல் ஒரு விரக்கடை நீளம் உதிராம நின்னுச்சு.

சென்னை ஃப்ளாட்டுல யாராவது வெளிநாட்டுலேருந்து கொண்டு வந்து கொடுத்து, என்ன பண்றதுன்னு தெரியாம வச்சிருப்பீங்க. உங்களுக்கு மண்சுவரும் இல்ல, ஓட்டாஞ்சில்லும் இல்ல. கடல் காத்து ஒரு பக்கம் ஈரத்தைக் கொடுக்கும், ஏசி இன்னொரு பக்கம் அதை உறிஞ்சிடும். அந்த ஏறி இறங்கறதுதான் எதிரி. இறுக்கமா மூடற டப்பா ஒண்ணு, 65 சதவீதம்னு போட்ட ஈரப்பதப் பை ஒண்ணு. அதைப் படுக்கையறை அலமாரியோட கீழ் தட்டுல, வெயில் படாத இடத்துல வைங்க. நம்ம சூட்டுக்கு எழுபதை விட அறுபத்தஞ்சு நல்லது. ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு போடச் சொன்னா கேக்காதீங்க, அது பூஞ்சணத்துக்கு விருந்து. மேல பஞ்சு மாதிரி வெள்ளையோ பச்சையோ படிஞ்சா துடைச்சு வைக்க வேணாம், தூக்கிப் போடுங்க.

உறையூர் பெரியவர் இந்த வருஷம் தொழிலை விட்டுட்டார்னு சேதி வந்துச்சு. ஆடிப் படையல் முடிஞ்ச மறுநாள் பெரியப்பா பெட்டியைக் கொட்டி எண்ணினார். பதிமூணு. வருஷத்துக்குப் பதினொண்ணுன்னா அடுத்த ஆடியோட தீந்துடும்.

"இனிமே மூணு வைப்போம். சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்"ன்னார்.

மூணுன்னா நாலு வருஷம் வரும். இப்பவே அவருக்கு எம்பத்திரண்டு. "மூணு நாலு பன்னெண்டு. ஒண்ணு மிச்சம் வருதே பெரியப்பா?"

"வரட்டும். அது எனக்கு. டாக்டர்கிட்ட சொல்லிடாத. நான் போனப்புறம் காரியத்தன்னிக்குப் படையல்ல வைடா. காஞ்சு போனத வச்சிடாத, அமுக்கிப் பாத்துட்டு வை."

அந்தப் பதிமூணும் இப்ப பெட்டியில இருக்கு. நேத்து சாயங்காலம் ஓட்டாஞ்சில்லை நான்தான் மாத்தினேன். மீட்டர், கழிச்சது போக 70.