லயத்து அறையில் ஒரு ஜெபக்கூட்டம்

பொறுமை என்ற சொல்லை நான் நெடுங்காலம் வெறுத்து வந்தேன். அதற்குக் காரணம் உண்டு. 1854 இல் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டத் துரைமார் சிலரது ஆதரவோடு 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். கூலி என்ற இழிசொல்லைப் பெயரிலேயே சுமந்த அந்த மிஷன் எழுத்தறிவும் கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பொறுமையும் பணிவும் உள்ள தொழிலாளி துரைக்கு இலாபமானவன் அன்றோ? பல்கலைக்கழக விடுதியில் நள்ளிரவு வரை இதையே வாதித்தோம். மறுத்துரைக்கக் கிறிஸ்தவ நண்பர் எவரும் எங்களிடையே இருக்கவில்லை. ஆகையால் எளிதாக வென்றோம்.

அந்த வெற்றியைக் குலைத்தது இரத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டம். என் பதினோராம் தர மாணவி ஒருத்தி, சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய வேளையில் இரு வாரங்களாக வரவில்லை. கொழுந்து எடுக்கப் போன தாயைக் குளவி கொட்டிவிட்டது என்றார்கள். ஒரு ஞாயிறு மாலை லயத்துக்கு ஏறிப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் சட்டைப் பையில் அன்று இடமாற்ற விண்ணப்பம் ஒன்று இருந்தது. எட்டு ஆண்டுகள் போதும் என்று தோன்றிவிட்டது. கற்பித்த பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்துச் சலித்திருந்தேன்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குள் ஒன்பது பெண்களும் ஒரு முதியவரும். பாட்டு முடிந்து ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வெளியே இஸ்தோப்பில் நின்று கேட்டேன். மோட்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீக்கம் வற்ற வேண்டும். அரைப்பேர் போடாதிருக்க வேண்டும். பிள்ளை பரீட்சை எழுத வேண்டும். 'ஆமென்' என்றதும் அதே மூச்சில் வேலை பங்கிடப்பட்டது. சோறு ஆக்குவது ஒருத்தி, கைக்குழந்தையைப் பார்ப்பது ஒருத்தி, மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் துணை போவது இன்னொருத்தி. ஆளுக்கு ஒரு சுண்டு அரிசி சாக்கில் விழுந்தது.

"போன வருஷம் அக்கா வீட்டுக்காரர் தவறினப்ப நான் போயி ஒக்காந்திருந்தேன் சேர். இப்ப அக்கா வந்து ஒக்காருது," என்றாள் தாய்.

சோர்வு எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. இந்த எளிய கணக்கை எங்கள் விடுதி வாதங்களில் ஒருவரும் போட்டுப் பார்த்ததில்லை. மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1948 இல் பறிபோன குடியுரிமை முற்றாகத் தீர்ந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். ஐம்பத்தைந்து ஆண்டுகள்! தனி ஒருவனின் விசுவாசம் அத்தனை காலம் தாங்காது. தொழிற்சங்கமும் தாங்கிற்று, மாரியம்மன் கோயிலும் தாங்கிற்று, இத்தகைய அறைகளும் தாங்கின.

இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளை இங்கே நினைக்கிறேன். 1972 இல் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவி, சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக உழைக்க இடம் கொடுத்தவர். 1983 இன் தீக்குப் பின்னும் அதைக் கைவிடாதவர். 2017 இல் மறைந்தார். தொழிலாளியிடம் பொறுமையைக் கேட்காமல் தம்மிடமே கேட்டுக்கொண்டவர் என்று அவரைச் சொல்வேன். துரைமார் விரும்பிய பொறுமை வேறு, இது வேறு.

அன்று புறப்படும்போது அந்த 'அக்கா' அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார். எனக்கு ஜெபிக்கத் தெரியாது என்றேன்.

"செபத்த நாங்க பாத்துக்குறோம் சேர். நீங்க நட்டஈட்டு மனுவ எழுதிக் குடுங்க."

எழுதினேன். மாணவி பரீட்சை எழுதினாள். கணிதத்தில் சித்தியடையவில்லை, மறுபடியும் எழுதப் போகிறாள். இடமாற்ற விண்ணப்பத்தை நான் கிழித்துவிடவில்லை, மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. சென்ற ஞாயிறு மூன்றாவது நினைவூட்டற் கடிதத்தை அந்த அறையிலேயே அமர்ந்து எழுதினோம், தாய் கையொப்பமிட்டாள்.