கண்ணாடிக் கடலும் நாலாவது லயமும்

படகு போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

கோலாலம்பூரில் விடிவதற்கு முன்பே எழுந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் காரில் வந்து, கோல சிலாங்கூர் படகுத்துறையில் நிற்கிறோம். இங்கிருந்து கடலுக்குள் கொஞ்ச தூரம் போனால் ஒரு மணல் திட்டு இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் கடல் நன்றாக வடியும்போது மட்டும் அது தலைகாட்டும். மணல்மேல் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் நிற்க, வானம் அப்படியே அதில் விழும். 'ஸ்கை மிரர்' என்று பெயர். இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள். அதற்காகவே பௌர்ணமி எப்போது என்று நாள்காட்டியில் பார்த்துச் சென்னையிலிருந்து விமான டிக்கெட் போட்டவள் நான். தண்ணீரில் நன்றாகத் தெரியும் என்று மஞ்சள் நிறத்தில் ஒரு சுடிதார்கூட வாங்கியிருந்தேன். காற்று பலமாக இருக்கிறது, அலை அதிகம், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார் படகுத்துறைக்காரர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடல் கறுத்துக் கிடந்தது.

"சரி விடுலா, முதல்ல பசியாறுவோம்" என்றாள் தோழி. மலேசியத் தமிழர்கள் காலைச் சாப்பாட்டை 'பசியாறுவது' என்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் விட்டுப்போன சொல். நாங்கள் 'டிபன்' என்கிறோம்; அதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு புக்கிட் மெலாவத்தி குன்றில் ஏறினோம். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் பிடித்துவிட்டார். மேலே 1907-இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதற்கு மட்டும் இன்னும் அந்த டச்சுப் பெயர்தான். இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நேரம் போனது குரங்குகளோடுதான். சாம்பல் நிறத்தில் வெள்ளிப் பூச்சு பூசியது போன்ற மந்திகள். குட்டிகள் மட்டும் பளீரென்று ஆரஞ்சு நிறம். அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தோழி, "இங்கேருந்து அரை மணி நேரம்தான்" என்றாள்.

"எதுக்கு?"

"எங்க தோட்டம்."

அவள் தோட்டக்காரி என்பது எனக்குத் தெரியும். பத்து வருடப் பழக்கம். ஆனால் தோட்டத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கு ஏழு வயதில் குடும்பம் அங்கிருந்து கிள்ளானில் ஒரு அடுக்குமாடிக்கு வந்துவிட்டது. நிலம் கைமாறியது, புது உரிமையாளர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார், அவ்வளவுதான். தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. மூன்று தலைமுறை இருந்தாலும் வேலை போனால் வீடும் போகும்.

இப்போது அம்மாவுக்கு மறதி வந்திருக்கிறது. தினமும் சாயங்காலம் ஆனால் கதவருகே போய் நின்றுகொண்டு, "நேரமாச்சு, வீட்டுக்குப் போவணும்" என்கிறாராம். எந்த வீடு என்று கேட்டால் "நாலாவது லயம்" என்பாராம். மகளும் ஒவ்வொரு முறையும், "அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேம்மா" என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

"ஏன் போகல?"

"அங்க ஒண்ணும் இல்லாம இருந்தா? அதை அவங்க பார்த்துட்டா?"

நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். "நாம முதல்ல பார்த்துட்டு வருவோம், வா."

கடற்கரையை விட்டு உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் செம்பனை. எண்ணெய்ப் பனைக்கு அங்கே அதுதான் பெயர். முதல் பத்து நிமிடம் அழகாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரே மரத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது போல ஆகிவிடுகிறது. நீண்ட கழியின் நுனியில் அரிவாள் கட்டி ஒருவர் குலை வெட்டிக்கொண்டிருந்தார். வங்கதேசத்துக்காரராக இருக்கும் என்றாள் தோழி. தோட்ட வேலைக்கு இப்போது பெரும்பாலும் அங்கிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும்தான் வருகிறார்கள்.

ஊர்ப் பலகையில் 'பெஸ்தாரி ஜெயா' என்று இருந்தது. 2007 வரை இது பத்தாங் பெர்ஜுந்தை. தொங்கும் மரக்கட்டை என்று பொருள் வரும். தோழி இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறாள். ஈயம் தோண்டிய குளங்கள் ஒருபுறம், பல்கலைக்கழக வளாகம் ஒருபுறம், நடுவில் செம்பனை.

இந்த வட்டாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று மலேசியா என்றாலே பாமாயில் என்கிறோமே, அது வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது இங்கேதான், 1917-இல். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். அவர் செம்பனை நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கிலத்திலும் மலாயிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வாய்விட்டுச் சொன்னால் நம் தென்னமரமேதான். பெயர் தென்னைக்கு, புகழ் பனைக்கு.

ஆனால் தோழியின் அம்மா வளர்ந்தது ரப்பர் காலத்தில். ரப்பர் மரத்தை அங்கே 'பால்மரம்' என்கிறார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நிற்க வேண்டும். கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய்மார்கள் மரம் சீவப் போவார்கள். தோழியின் தாத்தா தண்டல். நம் ஊர்க் கணக்கில் மேஸ்திரி. அவரிடம் ஒரு சைக்கிள் இருந்ததாம்.

சைக்கிள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத் தோட்ட வழக்கம். 1941-இல் ஆர்.எச்.நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, 'சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே' என்பதும் ஒரு கோரிக்கை. அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது, நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தியது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி. சயாம்–பர்மா இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இல்லாத குடும்பத்தைப் பழைய தோட்டங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றாள் தோழி. அவள் குடும்பத்தில் அது தாத்தாவின் அண்ணன்.

கூகுள் வரைபடம் ஒரு மண் பாதையோடு கையை விரித்துவிட்டது. மேலே தோழியின் நினைவுதான் வழி. இரண்டு முறை தவறான பக்கம் திரும்பினோம். மூன்றாவது முறை அவள் சட்டென்று பிரேக் போட்டாள்.

லயங்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. எட்டு வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இளம் செம்பனை நின்றது. தரையில் ஓரிடத்தில் மட்டும் சிமெண்டுத் தளம் ஒன்று பாசி பிடித்துக் கிடந்தது. குழாயடியாக இருக்கலாம் என்றாள். குனிந்து அதைக் கையால் தேய்த்துப் பார்த்தாள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

கோயில் மட்டும் இருந்தது. மாரியம்மன். சுற்றிலும் பனை நிற்க, நடுவில் பச்சையும் நீலமுமாகப் புது வண்ணம் அடித்த சிறு கோபுரம். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த வயதான பெண்மணி எங்களைப் பார்த்து முதலில் கேட்டது, "பசியாறிட்டீங்களா?" நேரம் மதியம் ஒன்றைத் தாண்டியிருந்தது. பக்கத்துத் தாமானில் மகன் வீட்டில் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமைதோறும் பேரன் மோட்டாரில் கொண்டுவந்து விடுவானாம்.

தோழி அம்மாவை வீடியோவில் அழைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கோபுரத்தைக் காட்டினாள். அம்மா பார்த்துவிட்டு, "இது யாரு கோயிலு?" என்றார். நம் கோயில்தாம்மா என்றதற்கு, "நம்ம கோயிலு தகரம்" என்றார். பால்மரம் எங்கே என்று கேட்டார். செம்பனையைக் காட்ட வேண்டியதாயிற்று. "வேற எங்கயோ போயிருக்கே. இருட்டுறதுக்குள்ள வந்துரு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தோழி போனை அணைக்கப் போனாள். அதற்குள் அந்தப் பெண்மணி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, போனை வாங்கி, முகத்துக்கு மிக அருகே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏ, நீ தண்டல் மக இல்ல?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவின் குரல் வந்தது. "அக்கா, இன்னைக்கு உனக்கு எந்த நெரை?"

ஒவ்வொருவருக்கும் வெட்டக் கொடுக்கும் மர வரிசைதான் நெரை. அந்தப் பெண்மணி கண்ணை மூடித் திறக்கும் நேரம்கூட யோசிக்கவில்லை. "ஆத்தோர நெரைடீ. ஒரே கொசு" என்றார். அடுத்த இருபது நிமிடம் இரண்டு பேரும் கொசுவைப் பற்றியும் கிராணியைப் பற்றியும் திருவிழாவில் யாரோ தீ மிதிக்கும்போது வேட்டி நழுவியதைப் பற்றியும் பேசிச் சிரித்தார்கள். தோழி கோயில் படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் சார்ஜ் பன்னிரண்டு சதவீதம் என்று காட்டியபோது என் பவர் பேங்க்கை எடுத்துக் கொடுத்தேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

திரும்பும் வழியில் கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றில் துடுப்புப் படகில் போய் மின்மினி பார்க்கும் இடம். கரையில் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, சொல்லி வைத்தாற்போல் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைகின்றன. இந்தப் பூச்சியின் புழு ஆற்றங்கரை ஈரத்தில் நத்தை தின்று வளர்கிறது. கரைக் காட்டை அழித்துப் பனை வைத்தால் நத்தையும் போகும், புழுவும் போகும். பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. எடுத்தாலும் ஒன்றும் விழாது. நீங்கள் போனால் நிலா இல்லாத, மழை இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள். எங்களுக்குக் காற்று அடங்கியிருந்தது. பௌர்ணமி நிலவும் மேகத்துக்குள் போய்விட்டதால் இருட்டு கிடைத்தது.

ஆற்று நடுவில் தோழியின் போன் ஒளிர்ந்தது. படகுக்காரர் மலாயில் ஏதோ முணுமுணுத்தார். அவள் அவசரமாக மடியில் கவிழ்த்துக்கொண்டாள். கரை ஏறியதும் கிள்ளானுக்குப் போன் போட்டாள். அம்மாதான் எடுத்தார். அன்று சாயங்காலம் அவர் கதவருகே போனாரா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தோம். அதற்கு இடமே கொடுக்காமல் அவர் கேட்டார்:

"அக்காகிட்ட என் தூக்குச்சட்டி இருக்கு. கேட்டு வாங்குனியா இல்லியா?"