தோற்ற ஊர்களின் வழியே

ஊர் சுற்றக் கிளம்புகிறவர் எங்கே போவது என்பதைத் தானே முடிவு செய்தால், பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த ஊருக்குத்தான் போய்ச் சேருவார். இங்கிலாந்து விஷயத்தில் இது இன்னும் உண்மை. நம்மூரிலிருந்து போகிறவர்களுக்கு அந்த நாடு என்றால் டவர் பிரிட்ஜ், அரண்மனை வாசல். கால்பந்துப் பைத்தியமாக இருந்தால் கூடவே மான்செஸ்டரிலோ லிவர்பூலிலோ ஒரு மைதானச் சுற்றுலா. டி.வி.யில் பார்த்ததை நேரில் சரிபார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அங்குள்ள சில ரசிகர்கள் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் அடிமட்டச் சுற்றில் ஏதாவது ஓர் ஆட்டத்துக்குப் போக வேண்டியது. யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுடைய அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டியது. அவர்களை எவர் தோற்கடிக்கிறாரோ, பிறகு அவர் பின்னால். ஆறு தகுதிச் சுற்றுகள், எட்டுப் பிரதான சுற்றுகள். மே மாதம் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் முடியும். முதல் ஆட்டத்தைத் தவிர வேறெதையும் பயணி தேர்ந்தெடுப்பதில்லை. இங்கிலாந்தைப் பார்க்க இதைவிட நல்ல பயணத்திட்டம் இல்லை என்பது என் கட்சி. ஆனால் ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல. குட்டி அணி பெரிய அணியைக் கவிழ்க்கும் அதிசயத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பயணத்தின் சரக்கு தோல்வியில் இருக்கிறது.

1871-ல் 15 அணிகளோடு தொடங்கிய போட்டி இது. உலகின் மிகப் பழைய தேசியக் கால்பந்துக் கோப்பை. இன்று 700-க்கும் மேற்பட்ட கிளப்புகள் கலந்துகொள்கின்றன. நமக்குப் பெயர் தெரிந்த பிரீமியர் லீக் அணிகள் ஜனவரியில், மூன்றாம் சுற்றில்தான் உள்ளே வரும். அதற்குள் அறுநூறுக்கு மேற்பட்ட அணிகள் வீட்டுக்குப் போயிருக்கும். தகுதிச் சுற்றுகளில் பக்கத்துப் பக்கத்து ஊர்களையே மோத விடுகிறார்கள். பஸ் செலவு கட்டுப்படியாக வேண்டும். அதனால் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயணி ஒரு மாவட்டத்துக்குள்ளேயே உழல்கிறார். நவம்பரில் முதல் பிரதான சுற்று வந்ததும் வேலி திறந்துவிடும். குலுக்கல் கடற்கரை ஊருக்கும் அனுப்பும், சுரங்கம் மூடிப்போன ஊருக்கும் அனுப்பும். தரவரிசைப்படி பிரித்து வைக்கும் வேலையே கிடையாது. டென்னிஸிலும் உலகக் கோப்பையிலும் பெரியவர்களைத் தொடக்கத்தில் ஒருவரோடொருவர் மோதாமல் காப்பாற்றுகிறார்கள். இங்கே எண் போட்ட பந்துகளைக் கலக்கி எடுக்கிறார்கள், அவ்வளவுதான். முதலில் வருகிற எண்ணின் சொந்த ஊரில் ஆட்டம். அதற்குமேல் பேச்சில்லை.

ஆட்டத்தின் தரத்தைச் சொல்லி முதல் ஆட்சேபம் வரும். வாஸ்தவம்தான். ஆகஸ்ட் மாத ஆட்டங்களில் பந்து தரையில் இருப்பதைவிட ஆகாயத்தில் இருக்கும் நேரம் அதிகம். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆடுகிறவர்கள். சாதாரண டி.வி. ரசிகருக்குப் பத்து நிமிடத்தில் கொட்டாவி வரும். ஆனால் ஆட்டத்தின் தரத்தைப் பார்க்க வந்தவர் வீட்டிலேயே சோபாவில் உட்கார்ந்திருக்கலாம். பயணிக்கு வேண்டியது வேறு. இந்த மைதானங்களில் ஆட்டக்களத்தைச் சுற்றி இடுப்பளவுக்கு ஒரு இரும்புக் கம்பி, அவ்வளவுதான் தடுப்பு. அதில் முழங்கையை ஊன்றி நின்றால், கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரரைத் திட்டுவது எழுத்தெழுத்தாகக் கேட்கும். மூலையில் ஒரு தேநீர்க் குடில். அங்கே போவ்ரில் என்றொரு பானம் விற்பார்கள்: மாட்டிறைச்சிச் சாற்றைக் குழம்பாகக் காய்ச்சிப் போத்தலில் அடைத்ததை வெந்நீரில் கரைத்துத் தருவது. நம்மூர் ரசத்தில் புளியையும் மிளகையும் எடுத்துவிட்டு உப்பை இரட்டிப்பாக்கியது போலிருக்கும். ஆகஸ்டில் அது அருவருப்பு, டிசம்பரில் அமிர்தம். ஆட்டம் முடிந்தபின் கிளப்பின் சொந்த மது அறையில் இரண்டு அணிகளும் அருகருகே உட்கார்ந்து சாண்ட்விச் தின்னும். 2023-24-ல் அந்த அடிமட்டச் சுற்றில் ஜெயித்த கிளப்புக்குப் பரிசு 1,125 பவுண்டு, தோற்ற கிளப்புக்கு 375. கோப்பையை வென்றவருக்கு 20 லட்சம்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது. ஜெயித்தவன் பின்னாலேயே போகிறவனுக்கு விசுவாசம் ஏது? ரசிகன் என்றால் ஒரு அணிக்கு வாழ்க்கைப்பட்டவன். அந்த அணி தோற்றால் அவன் கோப்பையும் அன்றோடு முடிந்தது. ரசிகனுக்கு இது சரி. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 700-க்கும் மேற்பட்ட அணிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் தோற்கப்போகின்றன. தோற்காமல் வெளியேற இந்தப் போட்டியில் வழியே இல்லை. ஆகவே ஜெயித்தவரைப் பின்தொடர்கிறவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தோல்வியைப் பக்கத்திலிருந்து பார்க்கிறார், சில சமயம் தோற்றவரின் ஊரிலேயே நின்று. ஜெயித்த ஊர்கள் எல்லாம் ஒரே மாதிரி. பாட்டு, பீர், காரின் ஹார்ன். தோற்ற ஊர்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நடுவரைத் திட்டுகிற ஊர் உண்டு, நாளைக்கே மேலாளரை மாற்றச் சொல்கிற ஊர் உண்டு, எதிரணியின் பஸ்ஸுக்குக் கைதட்டி அனுப்பிவைக்கிற ஊரும் உண்டு.

சட்டனை எடுத்துக்கொள்வோம். தென்லண்டன் புறநகர், ஈழத்தமிழர்கள் நிறையக் குடியேறிய பகுதி. ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அங்கே அதிகம் பேசப்படும் மொழிகளில் தமிழும் ஒன்று. உறவுக்காரர் வீட்டுக்கு அந்தப் பக்கம் போய்வந்த எத்தனையோ பேர் நம்மிடையே உண்டு. அவர்களில் கேண்டர் கிரீன் லேன் மைதானத்தின் வாசலை மிதித்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1989 ஜனவரி 7 அன்று அங்கேதான் ஐந்தாம் நிலை லீக்கில் ஆடிய சட்டன் யுனைடெட், அன்றைய உச்ச நிலையான முதல் டிவிஷனில் இருந்த கவென்ட்ரியை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. கவென்ட்ரி சாதாரண அணி அல்ல. இரண்டு வருடம் முன்புதான் அதே கோப்பையை ஜெயித்திருந்தது. வெற்றி கோலை அடித்தவர் ஒரு கொத்தனார். மேலாளர் இலக்கிய மேற்கோள்களோடு பேசும் ஆங்கில ஆசிரியர். இதையெல்லாம் இங்கிலாந்தில் மூன்று தலைமுறையினர் ஒப்பிப்பார்கள். அடுத்த சுற்றில் நார்விச் ஊருக்குப் போய் 8-0 என்று வாங்கிக்கொண்டு வந்த பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள். எனக்கென்னவோ அந்த எட்டு கோல்களும் சேர்ந்தால்தான் கதை முழுசாகிறது என்று படுகிறது. ஒரு புறநகர் மூன்று வாரம் தேசத்தின் நடுவில் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய் மறுபடி செங்கல் அடுக்கத் தொடங்கியது.

அதே சட்டன்தான் 2017-ல் லீட்ஸை வீழ்த்திவிட்டு ஐந்தாம் சுற்றில் ஆர்சனலைத் தன் ஊருக்கே வரவழைத்தது. 2-0 தோல்வி, கௌரவமான தோல்வி. ஆனால் மறுநாள் தேசம் பேசியது ஒரு பையைப் பற்றி, அதாவது இறைச்சி பொதிந்த அந்த மாவுப் பண்டத்தைப் பற்றி. சட்டனின் மாற்று கோல்கீப்பர், நாற்பதைத் தாண்டிய கனத்த மனிதர், ஆட்டம் நடக்கும்போதே பெஞ்சருகில் நின்று அதைக் கடித்துச் சாப்பிட்டார். கேமரா அவரைப் பிடித்தது. அவர் சாப்பிடுவார் என்று ஒரு பந்தய நிறுவனம் ஒன்றுக்கு எட்டு என்று முன்கூட்டியே பந்தயம் வைத்திருந்தது. மறுநாளே அவர் வேலை போயிற்று. சில மாதங்கள் கழித்து கால்பந்துச் சங்கம் அவருக்கு இரண்டு மாதத் தடையும் அபராதமும் விதித்தது. அபராதம் 375 பவுண்டு. அடிமட்டச் சுற்றில் தோற்ற கிளப்புக்குக் கிடைத்த அதே தொகை. கோப்பையின் மண்வாசனை என்பதெல்லாம் டி.வி.க்காரர்கள் தயாரித்து விற்கும் சரக்கு என்று சொல்கிறவர்கள் இந்தச் சம்பவத்தைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். சாட்சி வலுவானதுதான். கேமரா வந்ததும் குட்டி அணியை ஒரு கோமாளி அணியாக்கிப் பார்க்கும் ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் அது ஜனவரிக்குப் பிந்தைய கோப்பையின் நோய். தேநீர்க் குடிலுக்கு முன்னால் நின்று அதே பையைத் தின்கிறவரை ஆகஸ்டில் எந்தக் கேமராவும் பார்ப்பதில்லை. நோய் இருக்கிறது என்பதற்காக, வியாதி தொடாத ஐந்து மாதங்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவது நியாயமில்லை.

குலுக்கல் எவ்வளவு நல்ல வழிகாட்டி என்பதற்கு கிராஸ்பி போதும். லிவர்பூலுக்கு வடக்கே கடலோரம். சிற்பி ஆண்டனி கோர்ம்லி அந்தக் கடற்கரையில் நூறு இரும்பு மனிதர்களைக் கடலைப் பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறார். சுற்றுலாக்காரர்கள் படமெடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். கோப்பை அவர்களை ஊருக்குள் இழுத்துப்போகும். மெரைன் கிளப்பின் மைதானம் சில வீடுகளின் பின்புறத் தோட்டங்களோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒரு பக்கத்தில் வேலிக்கும் எல்லைக் கோட்டுக்கும் நடுவே நடக்க மட்டுமே இடம். பந்து துணி உலர்த்தும் கொடிக்குப் போவது அன்றாடம். 2021 ஜனவரியில் எட்டாம் நிலை லீக்கிலிருந்த மெரைனை எதிர்த்து டாட்டனாம் வந்தது. கோவிட் காலம், பார்வையாளருக்கு அனுமதியில்லை. ஒரு தோட்டத்தில் லிவர்பூல் மேலாளர் கிளாப்பின் ஆளுயர அட்டை உருவத்தை டாட்டனாம் மேலாளர் மொரின்யோவின் கண்ணில் படும்படி நிறுத்தியிருந்தார்கள். 5-0 தோல்வி. உள்ளே வர முடியாத ஆட்டத்துக்குப் பத்துப் பவுண்டு கொடுத்து 30,000-க்கும் மேற்பட்டோர் கற்பனைச் சீட்டு வாங்கினார்கள், மெரைன் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காக. மைதானமோ மூவாயிரம் சொச்சம் பேர் மட்டுமே கொள்வது. சீட்டு வாங்கியவர்களில் நிறையப் பேர் டாட்டனாம் ரசிகர்கள்.

இனி சண்டைக்கு வருவோம். 2024 ஏப்ரலில் கால்பந்துச் சங்கம், முதல் பிரதான சுற்றிலிருந்து மறு ஆட்டம் கிடையாது என்று அறிவித்தது. அதுவரை சமனில் முடிந்தால், முதல் ஆட்டத்தில் விருந்தாளியாக வந்தவரின் ஊரில் மறுபடி ஆட வேண்டும். சின்ன கிளப்புகள் தங்களைக் கேட்கவில்லை என்று கொதித்தன. இந்த வாதத்தில் பணமே முன்னால் நின்றது; அதற்குக் காரணமும் உண்டு. நுழைவுக் கட்டணத்தில் இரு கிளப்புக்கும் தலா 45 சதவீதம் என்பது கோப்பையின் பழைய வழக்கம். கடனில் மூழ்கி ரசிகர்களே எடுத்து நடத்திய எக்ஸிட்டர், 2005-ல் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று நிறுத்தியது. அந்த ஆட்டமும் சொந்த ஊரில் நடந்த மறு ஆட்டமும் தந்த வசூல் கிளப்பையே காப்பாற்றியது. ஆனால் பயணிக்கு நேர்ந்த நட்டம் வேறு. மறு ஆட்டம் பெரியவரைச் சின்ன ஊருக்குக் கட்டாயமாக இழுத்துவந்தது. 1972-ல் நியூகாஸில் தன் ஊரில் ஹெர்ஃபர்டோடு 2-2 என்று மாட்டிக்கொண்டது. மறு ஆட்டம் மழையால் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. கடைசியில் ஹெர்ஃபர்டின் ரோனி ராட்ஃபோர்டு சேற்றில் முப்பது கெஜத்திலிருந்து அடித்த பந்து வலைக்குள் போக, பையன்கள் கோட்டுகளோடு களத்துக்குள் ஓடிவந்தார்கள். வழிகாட்டி நூல்கள் ஹெர்ஃபர்டு தேவாலயத்திலிருக்கும் 1300-ஐ ஒட்டிய உலக வரைபடத்துக்கு அழைத்துப்போகும். இங்கிலாந்துக்காரர் பெரும்பாலோருக்கு அந்த ஊரைத் தெரிந்தது அந்தச் சேற்றால்தான். அந்தப் பழைய கிளப் 2014-ல் கடனில் கலைக்கப்பட்டுவிட்டது. புதிய பெயரில் அதே மைதானத்தில் ஆடுகிறார்கள்.

மறுதரப்புக்கும் சொல்ல இருக்கிறது. ஐரோப்பியப் போட்டிகள் பெருத்துவிட்டன, ஆட்டக்காரர் கால்கள் தாங்குவதில்லை. 1971-ல் ஆல்வ்சர்ச்சும் ஆக்ஸ்ஃபோர்டு சிட்டியும் ஒரே தகுதிச் சுற்றை முடிக்க ஆறு ஆட்டம், பதினோரு மணி நேரம் ஆடின. அதைப் பெருமை என்பதைவிடப் பைத்தியக்காரத்தனம் என்பதே பொருத்தம். சமனானால் அன்றே கூடுதல் நேரம், பெனால்டி என்ற புதிய விதியால் சின்ன கிளப்புக்கு லாபமும் உண்டு. மூன்று சக்கர ரிலையண்ட் கார்களைச் செய்த டாம்வொர்த்தின் ஐந்தாம் நிலை அணி, 2024 டிசம்பரில் பர்ட்டனைப் பெனால்டியில் வென்றது இந்த விதியால்தான். அடுத்த மாதமே டாட்டனாமைத் தொண்ணூறு நிமிடம் 0-0 என்று நிறுத்தியது. கோல் காத்தவர் கட்டடச் சர்வேயர். பழைய விதி இருந்திருந்தால் லண்டனில் அறுபதாயிரம் பேர் முன்னால் மறு ஆட்டம். புதிய விதிப்படி கூடுதல் நேரத்தில் மூன்று கோல் வாங்கி அன்றே முடிந்தது. இரண்டு டிவிஷனுக்கு மேல் இடைவெளி இருந்தால், கீழே உள்ள கிளப் கேட்டால் மறு ஆட்டம் உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்; கால்வலிக்காரர்களுக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டம் கூடியிருக்கும். அதைக்கூட எழுதாததற்குக் கால்வலியைக் காரணம் சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை.

வெம்பிளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2008 முதல் அரையிறுதியும் அங்கேதான் என்பதால் கடைசி இரண்டு சுற்றில் பயணிக்குப் புது ஊர் கிடையாது. 2025-ல் கிரிஸ்டல் பேலஸ் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று தன் வரலாற்றின் முதல் பெரிய கோப்பையை எடுத்ததுபோல எப்போதாவது நடக்கும், அதை டி.வி.யில் பார்த்தாலும் நட்டமில்லை. லண்டனில் உறவினர் வீட்டில் கோடை கழிக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. தொடக்கச் சுற்றுகளின் ஆட்டப் பட்டியல் ஜூலையிலேயே வெளியாகிவிடும். வெம்பிளி சுற்றுலாச் சீட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் அதில் பக்கத்து ஊர் ஆட்டம் ஒன்றுக்குப் போங்கள். குடை வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும்; மழைக்கோட்டு போதும். ஆட்டம் முடிந்ததும் உடனே ரயிலுக்கு ஓடாமல், கிளப் அறையில் தோற்ற அணியினர் உட்கார்ந்திருக்கும் பக்கமாகப் போய் உட்காருங்கள். விரட்ட மாட்டார்கள்.